செங் ஹெ போன பயணத்தையெல்லாம் சீனா ஏன் நிப்பாட்டுச்சு?

கடல்காக்கா:
ஒரு டவுட் மக்களே. 1405ல சீனாவோட மிங் அரசு கடற்படைத் தலைவர் செங் ஹெ முதல் தடவை கிளம்புனப்பவே 300க்கு மேல கப்பல், 27 ஆயிரம் பேருக்கு மேல ஆளுங்கன்னு வீடியோல பாத்தேன், கொலம்பஸ் 1492ல போனது வெறும் மூணு கப்பல்ல. அப்புறம் 1433ஓட எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டாங்களாமே, ஏன்? இன்னும் கொஞ்சம் போயிருந்தா ஐரோப்பாவையே எட்டியிருக்கலாம்ல?

பழைய மேப்:
எதுக்கு போகணும்? அவங்க புது நாடு தேடி கிளம்பல பாஸ். கள்ளிக்கோட்டை, பாரசீக வளைகுடா வாசல்ல இருக்குற ஹோர்முஸ், ஆப்பிரிக்கா கரைன்னு போன ரூட் எல்லாம் அரபு வியாபாரிங்க ஏற்கனவே காலங்காலமா ஓடுன ரூட் தான். செங் ஹெவை அனுப்புன பேரரசர் யோங்லே 1402ல அண்ணன் மகனை தள்ளிட்டு சிம்மாசனம் ஏறுனவரு, அதனால நாலா பக்கமும் இருந்து தூதர்கள் வந்து கும்பிடுறதை ஊர் பாக்கணும், அதுக்குத்தான் இவ்ளோ செலவு. அதே கஜானால இருந்துதான் பெய்ஜிங் கட்டுனது, மங்கோலியர் சண்டை, வியட்நாம் சண்டை எல்லாம். 1424ல அவரு செத்ததும் மகன் வந்த வேகத்துல நிப்பாட்டிட்டாரு, பேரன் 1431ல ஒரே ஒரு தடவை அனுப்புனதோட சரி. 1449ல மங்கோலியர் பேரரசரையே புடிச்சிட்டு போயிட்டாங்க, அதுக்கப்புறம் கப்பலுக்கு காசு குடுன்னு எவன் கேப்பான்?

உப்புக்காத்து:
கும்பிட மாட்டேன்னா அடியும் உண்டுங்க, சமாதானப் பயணம்னு சொல்றதெல்லாம் பாதி கதை. இலங்கைல அழகேஸ்வரன்னு ஒரு ஆட்சியாளன் முறைச்சுக்கிட்டான், 1411ல அவனை சீனாவுல நான்ஜிங்குக்கே தூக்கிட்டு போனாங்க. அதே இலங்கைல காலி (Galle) ஊர்ல கெடச்ச 1409 கல்வெட்டு இருக்கே, செம தந்திரம்! சீனத்துல புத்தருக்கு, தமிழ்ல தேனவரை நாயனாருக்கு (விஷ்ணு தான்), பாரசீகத்துல அல்லாவுக்குன்னு தங்கம், வெள்ளி, பட்டெல்லாம் காணிக்கை. எந்த வியாபாரியும் கோவிச்சுக்க முடியாது. இப்போ கொழும்பு மியூசியத்துல இருக்கு.

கடல்காக்கா:
ஓ சூப்பர். அப்போ செங் ஹெகிட்ட 400 அடி நீள கப்பல் இருந்துச்சுன்னு சொல்றாங்களே, அது நிஜமா?

பழைய மேப்:
மிங் வம்சத்தோட அரசு வரலாற்று நூல்ல 44 ஜாங் (சீன நீள அளவு) நீளம்னு இருக்கு, 120 மீட்டருக்கு மேல வரும். முழுக்க மரத்துல அவ்ளோ நீளம் கடல் அலைல தாங்குமான்னு கப்பல் கட்டுறது தெரிஞ்சவங்க நிறைய பேர் நம்பல. ஆனா நான்ஜிங் கப்பல் பட்டறைல 11 மீட்டர் சுக்கான் கட்டை ஒண்ணு கெடச்சுது, சின்ன கப்பலுக்கு அது எதுக்கு?

மீன்குழம்பு:
ஒண்ணு விட்டுட்டீங்க, நின்னது அரசாங்க கப்பல் மட்டும்தான். தனியார் கடல் வியாபாரத்துக்கு அரசாங்கம் தடை போட்டிருந்தப்பவே, தென்கிழக்கு சீனக் கரையில இருக்குற ஃபுஜியன்காரங்க திருட்டுத்தனமா தென்கிழக்கு ஆசியாவுக்கு ஓட்டிக்கிட்டுதான் இருந்தாங்க, 1567ல அரசாங்கமே வேற வழியில்லாம தடையை தளத்துச்சு.