மெலனோமா பித்தப்பைக்குப் பரவினால் லேப்ராஸ்கோப்பி அறுவை போதுமா?

கேள்வி:
வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையின் உள்ளங்காலில் இருந்த மெலனோமாவை (நிறமி அணுக்களில் தோன்றும் தோல் புற்றுநோய்) அறுவை செய்து அகற்றினார்கள். அண்மையில் எடுத்த பெட் ஸ்கேனில் பித்தப்பைச் சுவரில் ஒரு கட்டி தெரிந்தது. வேறெங்கும் பரவவில்லை என்கிறார்கள். அவருக்கு வலியோ மஞ்சள் காமாலையோ இல்லை. லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் அறுவை) மூலம் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். புற்றுநோய் என்றால் வயிற்றைத் திறந்துதான் அறுவை செய்ய வேண்டும் என்று உறவினர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

மறுமொழி (அறுவை மருத்துவர்):
உறவினர்கள் சொல்வது பித்தப்பையிலேயே தோன்றும் புற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். அதில் ஈரலின் ஒரு பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். மெலனோமா அப்படியன்று. இரத்தத்தின் வழியே வந்து உட்பக்கச் சளிச்சவ்வில் தங்கி, பெரும்பாலும் பாலிப் (சிறு சதைத் திரட்சி) போல உள்நோக்கியே வளர்வதால், அது சுவரைக் கடந்து ஈரலுக்குள் ஊடுருவாதிருந்தால் பித்தப்பையை மட்டும் முழுமையாக எடுப்பதே பொதுவாகப் போதுமானது. வலி இல்லாததும் வியப்பன்று. கட்டி பித்தநாளத்தை அடைத்தால்தான் பலருக்கு வலியும் காய்ச்சலும் வரும்.

துளை வழியா, திறந்தா என்பதைவிட, பித்தப்பை கிழியாமல் வெளியே வருகிறதா என்பதே முக்கியம். பித்தநீர் சிந்தினால் புற்றணுக்கள் வயிற்றுக்குள்ளும், கருவி நுழைத்த துளைகளிலும் ஒட்டி வளரக்கூடும். ஆகவே பித்தப்பையை உள்ளேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, அதோடு சேர்த்தே வெளியே எடுப்பார்களா என்று கேளுங்கள். ஈரலோடு ஒட்டிப் பிரியாமல் இருந்தால் தயங்காமல் திறந்த அறுவைக்கு மாறுவதே முறை; அதற்கும் சேர்த்தே முன்கூட்டி ஒப்புதல் வாங்குவார்கள்.

மறுமொழி (வேறொருவர்):
மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தார்களா? சர்க்கரையை மிகுதியாக ஈர்க்கும் இடங்களைத்தான் பெட் ஸ்கேன் காட்டும்; மூளை இயல்பாகவே அப்படி ஈர்ப்பதால், அங்குள்ள சிறு பரவல் பெட் ஸ்கேனில் தப்பிவிடும். அங்கும் நோய் இருந்தால் முழுத் திட்டமும் மாறிவிடும்.

அறுவைக்குப் பின் என்ன மருந்து என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அமெரிக்காவில் 2011இல் இபிலிமுமாப், 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகள் அனுமதி பெறும்வரை பரவிய மெலனோமாவுக்குப் பெரும்பாலும் டகார்பசின் என்ற கீமோ மருந்துதான் தரப்பட்டது. அது பலருக்கு உதவவில்லை. கட்டியில் சில மரபணுத் திரிபுகள் இருந்தால் அவற்றைக் குறிவைக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றுள் பிராஃப் (BRAF) மரபணுத் திரிபு உள்ளங்கால் வகையில் குறைவாகவே காணப்படும். ஆயினும் அந்தப் பரிசோதனையையும், கிட் (KIT) மரபணுப் பரிசோதனையையும் செய்யச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எம்ஆர்ஐ எடுக்கவில்லை, அதை முடித்த பிறகே அறுவைக்கு நாள் குறிக்கச் சொல்கிறோம்.