கொலுசுப் பட்டறைக்கு அஜைல், ஜவ்வரிசி ஆலைக்கு வாட்டர்ஃபாலா?

செவ்வாய்ப்பேட்டையான்:
இங்கே ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு மென்பொருள் எழுதினேன். தேவைகளை முழுவதும் கேட்டு, 40 பக்கம் எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கினேன். நான்கு மாதம் கழித்துத் திரையைப் பார்த்தவர், "பற்றவைக்க 100 கிராம் கொடுத்தால் 100 கிராமா திரும்பி வரும்? சேதாரத்தை எங்கே எழுதுவது?" என்றார். சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று அவர் நினைத்திருக்கிறார். பாதியைப் பிரித்து மறுபடி எழுதினேன். அஜைல் முறையில், அதாவது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காட்டித் திருத்தியிருந்தால், முதல் மாதமே தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் முதலிலேயே முடிவுசெய்துவிட்டு அருவி போல ஒவ்வொரு படியாக இறங்கும் வாட்டர்ஃபால் முறையை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறவர்களை என்ன சொல்வது?

மேட்டூரான்:
என்னைத்தான் சொல்ல வேண்டும் தம்பி. ஜவ்வரிசி ஆலைகளுக்கு இயந்திரம் செய்கிறவன் நான். கான்கிரீட்டில் போல்ட்டைப் புதைத்த பிறகு, "நான்கு அங்குலம் தள்ளி வைக்கலாமா" என்று கேட்டால் உளியும் சம்மட்டியும்தான் பதில். எங்கள் ஊர் அணையை 1925இல் தொடங்கி 1934இல் முடித்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காவிரியைத் திறந்துவிட்டுக் கருத்துக் கேட்டா கட்டினார்கள்?

செவ்வாய்ப்பேட்டையான்:
அணையை விடுங்கள் அண்ணா. நிரலை மாற்ற ஒரு பிற்பகல் போதும்.

மேட்டூரான்:
பாதியைப் பிரித்தேன் என்றது யார்?

செவ்வாய்ப்பேட்டையான்:
சரி, மாட்டிக்கொண்டேன். எடைக்கு ஒரே கட்டம் வைத்து, அதன்மேல் கூலி, இருப்பு, ரசீது என்று அடுக்கிவிட்டேன். அடுக்குவதற்கு முன் தெரிந்திருந்தால் பிற்பகல்தான்.

ஐந்துரோடு:
இருவருக்கும் ஒரு செய்தி. வாட்டர்ஃபாலுக்கு மூலமாகக் காட்டப்படும் 1970 கட்டுரையில் அமெரிக்க மென்பொருள் வல்லுநர் வின்ஸ்டன் ராய்ஸ் அந்தச் சொல்லையே எழுதவில்லை. படிப்படியாக இறங்கும் படத்தைப் போட்டுவிட்டு, சோதனை கடைசியில் வருவதால் அது ஆபத்து என்றார். புதிதாகச் செய்வதை ஒரு முறை முன்மாதிரியாகச் செய்து பார்க்கவும் சொன்னார். 2001இல் அஜைல் அறிக்கை எழுதிய 17 மென்பொருளாளர்களும் திட்டமே கூடாது என்று சொல்லவில்லை. மாற்றத்துக்கு இடம் கொடுப்பதை அதற்கு மேலே வைத்தார்கள், அவ்வளவுதான்.

மேட்டூரான்:
முன்மாதிரி நாங்களும் செய்கிறோம். இயந்திரத்தின் அடியளவுக்கு அட்டையை வெட்டித் தரையில் போட்டு, கிழங்கு மூட்டையோடு ஆளை நடக்கவிடுவேன். போன முறை தூணுக்கும் அட்டைக்கும் நடுவில் மூட்டை சிக்கியது. அட்டையை அன்றைக்கே மூன்று முறை நகர்த்தினோம். கான்கிரீட் கலக்கும் வரை எத்தனை முறையும் நகர்த்தலாம்.

செவ்வாய்ப்பேட்டையான்:
அதற்குப் பெயர்தான் அஜைல், அண்ணா!

மேட்டூரான்:
ஒப்புக்கொண்டால் நாளை முதல் அஜைல்காரர்களைப் போலத் தினமும் காலையில் 15 நிமிடம் நின்றுகொண்டே கூட்டம் போடச் சொல்வீர்கள். என் முழங்காலுக்கு ஆகாது.