பயிற்சி உளவியலாளரை மேற்பார்வையிடுவது குறித்து உதவி வேண்டுகிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் பணியாற்றும் உளவியலாளர் நான். இவ்வாண்டு முதன்முறையாக, பன்னிரண்டு மாதப் பயிற்சியில் இருக்கும் ஒருவரை மேற்பார்வையிடுகிறேன்.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டமான சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் உளவியல் தொழிலுக்கென வகுக்கப்பட்ட நெறிமுறைகளின்படி, தம்மிடம் பேசுபவர் இன்னும் பயிற்சியில் இருக்கிறார் என்பதையும், அவருக்குப் பொறுப்பேற்கும் மேற்பார்வையாளர் யார் என்பதையும் ஆலோசனைக்கு வருபவருக்கு முன்னதாகவே தெரிவித்தாக வேண்டும். எங்கள் ஒப்புதல் படிவமோ ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது.

சென்ற வாரம் வந்த ஒரு பாட்டி, மார்பில் கை வைத்து, "நெஞ்சு அடைக்குது" என்றார். தமிழ் அறியாத பயிற்சி உளவியலாளர் அதை மூச்சுத்திணறல் என்று குறித்துக்கொண்டார். பாட்டி சொன்னதோ கணவர் மறைந்த துக்கத்தை. மொழிபெயர்த்தவர் அவருடைய மகள். மகளுக்கு முன்னால் எந்தத் தாய்தான் மனம் திறப்பார்? உறவினரை மொழிபெயர்க்க வைப்பது சரியல்ல என்பதே என் உறுதியான எண்ணம். அந்தத் தவற்றுக்கு மேற்பார்வையாளராகிய நானே பொறுப்பு.

ஆகவே, எளிய தமிழில் ஒப்புதல் படிவம் வைத்திருப்போர், பெயர் விவரங்கள் இல்லாத வெற்றுப் பிரதியைப் பகிர வேண்டுகிறேன். மொழிபெயர்ப்பாளர் துணையோடு நடந்த அமர்வுகளை மேற்பார்வைப் பதிவேட்டில் எவ்வாறு எழுதுகிறீர்கள் என்பதையும், குறிப்பாகப் பயிற்சி உளவியலாளரின் புரிதலையும் மொழிபெயர்ப்பாளரின் சொற்களையும் எப்படிப் பிரித்துக் காட்டுகிறீர்கள் என்பதையும், அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள். பாட்டியின் அடுத்த அமர்வு வரும் வியாழக்கிழமை.