காமெடிப் படங்களின் இரண்டாம் பாகம்: பேர் வந்தா போதுமா, ஆள் வர வேண்டாமா?

கார்முகில்:
சமீபத்துல வந்த காமெடிப் படங்களோட அடுத்தடுத்த பாகங்களைப் பார்த்துட்டு மனசுல பட்டதைச் சொல்றேன். பேரை எடுத்துக்கிறாங்க, ஆளை விட்டுடறாங்க.

நாய் சேகரையே எடுத்துக்குங்க. 2006ல வந்த 'தலைநகரம்' கதையை இன்னிக்கு முழுசா சொல்லத் தெரிஞ்சவங்க குறைவு. ஆனா நாய் சேகரைத் தெரியாதவங்க இருக்க முடியாது. ரவுடிகளை போலீஸ் அள்ளிட்டுப் போகும்போது, தன்னையும் ஏத்திக்கச் சொல்லி "நானும் ரவுடிதான்"னு அடம்பிடிப்பார் நாய் சேகரா வர்ற வடிவேலு. அடிக்கவும் தைரியம் கிடையாது, அடி தாங்கவும் தெம்பு கிடையாது, ஆனா ஊரே தன்னைப் பார்த்து மிரளணும். அந்த ஏக்கம்தான் காமெடி.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? 2022 ஜனவரியில சதீஷ் நடிச்ச 'நாய் சேகர்' வந்துச்சு. நாய் கடிச்சு நாய்க்குணம் வந்துட்ட ஒருத்தரோட கதை. அதே வருஷம் டிசம்பர்ல வடிவேலுவும் பழைய இயக்குநர் சுராஜும் சேர்ந்து 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' கொடுத்தாங்க. அதுல அவர் நாய் கடத்துறவர். 2023ல வந்த 'தலைநகரம் 2' முழுக்க வெட்டுக்குத்து, வடிவேலுவே கிடையாது. மூணு படம், மூணுலயும் நாம தேடிப்போன ஆள் இல்ல. எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம்.

வெண்ணிலா:
கார்முகில் அண்ணா, நீங்க மோசமா அமைஞ்ச ஒண்ணைக் காட்டி எல்லாத்தையும் அடிக்கிறீங்க. முதல் பாகம் நமக்கு இவ்வளவு பிடிக்கக் காரணம் படம் மட்டும் இல்ல. வருஷக்கணக்கா டிவியில பார்த்து, மீம்ல பார்த்து, வீட்டுல ஆளாளுக்கு அந்த வசனத்தைப் பேசிப் பழகி, அது நம்ம கூடவே வளர்ந்துடுச்சு. இரண்டாம் பாகத்தை ஒரே ஒரு தடவை, அதுவும் பழசை மனசுல வச்சுக்கிட்டுப் பார்க்கிறோம். அது எப்படி நியாயமான போட்டியாகும்?

'டிடி ரிட்டர்ன்ஸ்' பத்தி ஏன் வாயே திறக்கல? 'தில்லுக்கு துட்டு' வரிசையில மூணாவது, 2023ல வந்தது. முதல் ரெண்டையும் எடுத்த ராம்பாலா இல்ல, பிரேம் ஆனந்த் இயக்கினார். தியேட்டர்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. 'அரண்மனை 4' வந்தப்போ நிலைமை என்னன்னு ஞாபகம் இருக்கா? 2024ல முதல் நாலு மாசம் புதுத் தமிழ்ப் படங்களுக்குப் பெருசா கூட்டம் இல்ல, 'கில்லி' மறுவெளியீட்டுக்குத்தான் கொண்டாட்டமா இருந்துச்சு. அந்த நேரத்துல குடும்பம் குடும்பமா தியேட்டருக்கு வர வச்சது ஒரு நாலாம் பாகம்.

கார்முகில்:
'அரண்மனை 4' ஓடுச்சு, மறுக்கல. ஆனா எதனால ஓடுச்சு? செத்த பிறகும் பிள்ளையைக் காப்பாத்தப் போராடுற அம்மாவா தமன்னா வர்ற பகுதியால. யோகி பாபு, விடிவி கணேஷ், கோவை சரளா வர்ற காட்சிகளைத் தனியா வெட்டி எடுத்தாலும் கதை அப்படியே நிக்கும். ஜெயிச்சது பேயும் அம்மா பாசமும்தான். காமெடி ஜெயிச்சுதுன்னு அதை வச்சுச் சொல்ல முடியாது.

சேது:
இடையில் வருகிறேன். இருவருமே ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 2013இல் வந்த 'சூது கவ்வும்' படத்தில் ஆள் கடத்தும் கும்பலின் தலைவர் தாஸ், கடத்தலுக்குச் சில விதிகளை வைத்திருப்பார். அதிகாரத்தில் இருப்பவர்கள் பக்கமே போகக் கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. அதை நாம் முதலில் கேட்டுக்கொள்கிறோம். பிறகு அவர்கள் கடத்துவது ஓர் அமைச்சரின் மகனை. அந்த மகனோ தன்னைத் தானே கடத்திக்கொள்ளத் திட்டம் போட்டவன். அப்பாவோ கறாரான நேர்மையானவர். விதி நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அது உடையும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது.

2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் கருணாகரனும் எம்.எஸ். பாஸ்கரும் இருக்கிறார்கள். ஆனால் கடத்துகிற ஆள் மாறிவிட்டார், இயக்குநரும் மாறிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. உடைப்பதற்கு அங்கே உறுதியான விதி எதுவும் இல்லை. அரசியல் கிண்டல்கள் வந்து போகின்றன, ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை.

'டிடி ரிட்டர்ன்ஸ்' ஏன் எடுபட்டது என்பதற்கும் இதுவே பதில். பேய் பங்களாவில் ஒரு விளையாட்டு, ஜெயித்தால் பணம், தோற்றால் உயிர் போகும். இவ்வளவுதான். இதைச் சொல்லி முடித்த பிறகு ரெடின் கிங்ஸ்லியும் மொட்டை ராஜேந்திரனும் சும்மா நின்றாலே சிரிப்பு வந்துவிடுகிறது. அடுத்து 2025இல் வந்த 'டெவில்ஸ் டபுள் நெக்ஸ்ட் லெவல்' அதே இயக்குநர், அதே சந்தானம். கதாநாயகன் ஒரு சினிமா விமர்சகர், குடும்பத்தோடு ஒரு படத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார். யோசனை பிரமாதம். ஆனால் அந்த உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்பது நமக்குப் பிடிபடுவதற்குள் காட்சி மாறிவிடுகிறது.

வெண்ணிலா:
சேது சார், இதுதான் எனக்குப் பொறுக்கல. பழைய மாதிரியே எடுத்தா "அரைச்ச மாவையே அரைக்கிறாங்க"ங்கிறீங்க. புதுசா துணிஞ்சா "பிடிபடல"ங்கிறீங்க. பங்களாவையே மறுபடி காட்டியிருந்தா எத்தனை திட்டு விழுந்திருக்கும்! விமர்சகர்களைக் கொல்ற பேயா செல்வராகவன், போலீசா கௌதம் மேனன். இப்படி யோசிக்கிறதுக்கே ஒரு தில் வேணும்.

அப்புறம் மத்த படங்களைக் கிண்டல் பண்ற 'தமிழ்ப்படம் 2' இருக்கு. எட்டு வருஷம் கழிச்சு 2018ல வந்துச்சு. அந்த எட்டு வருஷத்துல கிண்டல் பண்ண எத்தனை படம் சேர்ந்துடுச்சு! அந்த மாதிரிப் படத்துக்கு அடுத்த பாகம் வந்தே தீரணும்.

கார்முகில்:
'தமிழ்ப்படம்' தனி ரகம், அதை ஏத்துக்கறேன். மத்த படங்கள் கிட்ட நான் கேட்கிறது அதே ஜோக்கை இல்ல. அந்த ஆள் இப்போ எப்படி இருப்பான்னு காட்டுங்க, அவ்வளவுதான். 'சென்னை 600028' படத்துல தெருக் கிரிக்கெட் ஆடின பசங்களை 2016ல வெங்கட் பிரபு திரும்பக் கூட்டிட்டு வந்தப்போ பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சு, கிரிக்கெட் ஆடப் போகணும்னா வீட்டுல பதில் சொல்லணும். பழைய பசங்க, புதுச் சிக்கல். அதுல சிரிப்பு தானா வந்துச்சு.

வெண்ணிலா:
அது முதல் பாகத்தை விட நல்லா இருக்குன்னு சொல்வீங்களா?

கார்முகில்:
சொல்ல மாட்டேன். இரண்டாம் பாதி இழுவைதான். ஆனா ரகுவையும் அவன் கூட்டாளிகளையும் தேடிப்போனேன், அவங்க அங்க இருந்தாங்க.

வெண்ணிலா:
அப்போ நாம கேட்கிறதே வேற வேற அண்ணா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளைத் திரும்பப் பார்க்கணும். நான் ரெண்டு மணி நேரம் வயிறு வலிக்கச் சிரிச்சுட்டு வந்தா போதும், திரையில யார் இருந்தாலும் சரி. 'டிடி ரிட்டர்ன்ஸ்'ல முதல் பாகத்து ஆளா இருந்தார்? சந்தானம் இருந்தார், பாத்திரம் வேற. நீங்களும்தான் சிரிச்சிருப்பீங்க.