கஸ்டடி வழக்கு நடக்கும்போது பிள்ளையோடு வேறு மாநிலத்துக்குப் போனவர்கள்: அனுபவப் பகிர்வு

நியூ ஜெர்சியிலிருந்து டெக்ஸஸுக்கு மகளோடு குடிபெயர்ந்த கதையை எழுதுகிறேன். இதே தவிப்பில் இருக்கும் யாருக்காவது உதவட்டும்.

விவாகரத்து வழக்கு பாதியில் இருந்தபோது டாலஸில் வேலை கிடைத்தது. அக்கா குடும்பமும் அங்கேதான். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள் வீட்டில். வக்கீல் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. என் மகள் நியூ ஜெர்சியிலேயே பிறந்தவள். பிரிந்திருக்கும் பெற்றோரில் ஒருவர், மற்றவரின் சம்மதமோ கோர்ட் ஆர்டரோ இல்லாமல் அப்படிப்பட்ட குழந்தையை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அந்த மாநிலச் சட்டம்.

டெக்ஸஸில் புதிதாகக் கேஸ் போடலாமே என்று கேட்டேன். அதுவும் நடக்காது. வழக்கு தொடங்குவதற்கு முன் குழந்தை தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்த இடம்தான் 'ஹோம் ஸ்டேட்'. கஸ்டடியை முடிவு செய்யும் முதல் உரிமை அந்த மாநிலத்துக்குத்தான். இந்த விதி 1997-இல் உருவான யூசிசிஜேஇஏ (UCCJEA) என்ற பொதுச் சட்டத்தில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் அதை ஏற்றிருக்கின்றன.

சரி, முறையாக அனுமதி கேட்போம் என்று மனு போட்டோம். முன்பெல்லாம் குழந்தையை முதன்மையாக வளர்ப்பவர், நல்ல காரணம் இருக்கிறது, குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்று காட்டினாலே போதுமாம். 2017-இல் பிஸ்பிங் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. இப்போது குழந்தையின் நலன்தான் அளவுகோல். எனக்குச் சம்பளம் கூடும் என்பது மட்டும் எடுபடாது.

அதனால் வக்கீல் அம்மா என்னை உட்கார வைத்து, டெக்ஸஸ் பள்ளியின் விடுமுறைப் பட்டியலில் அப்பாவோடு இருக்கும் நாட்களுக்கெல்லாம் மஞ்சள் அடிக்கச் சொன்னார். கோடை விடுமுறையில் பெரும்பகுதி, ஸ்பிரிங் பிரேக், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் கிறிஸ்துமஸ் லீவு. விமானச் செலவு யாருடையது, பிள்ளையோடு யார் பறப்பது, வீடியோ கால் எத்தனை மணிக்கு என்பது வரை எழுதினோம். அவர் மோசமான அப்பா இல்லை. சனிக்கிழமை தோறும் அவளை நீச்சலுக்குக் கூட்டிப் போனவர். அந்த நேரத்துக்கு ஈடாக நான் என்ன தருகிறேன் என்பதைத்தான் ஜட்ஜ் திரும்பத் திரும்பக் கேட்டார். "நீங்கள் ஆபீசில் இருக்கும்போது பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்?" என்றும் கேட்டார். அக்கா பெயரைச் சொன்னேன். அனுமதி கிடைத்தது.

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு அப்பா:

சகோதரி, நான் இதை மறுபக்கத்தில் நின்று பார்த்தவன். லீவுக்கு என்று ஜார்ஜியா போன மனைவி, மகனை அங்கே பள்ளியிலும் சேர்த்துவிட்டார். அவனுடைய புத்தகப் பை ஹாலிலேயே கிடந்தது. பேசித் தீர்க்கலாம், அவசரப்படாதே என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்காமல் உடனே பெட்டிஷன் போட்டேன். பிள்ளை போய் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், ஒரு பெற்றோர் இங்கேயே வசிக்கும்போது கலிஃபோர்னியாதான் ஹோம் ஸ்டேட். அவரும் அங்கே கேஸ் போட்டார். இரண்டு மாநில ஜட்ஜுகளும் போனில் பேசி, வழக்கு இங்கேதான் என்று முடிவு செய்தார்கள். சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது.

இன்னொன்று. இங்கே சம்மனின் இரண்டாம் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். எழுத்துமூலச் சம்மதமோ ஆர்டரோ இல்லாமல் பிள்ளையை மாநிலத்தை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்ற தடை அதிலேயே அச்சாகியிருக்கும். இருவரையும் அது கட்டுப்படுத்தும். மகன் மேல் எனக்கு உயிர். அதற்காக அவனை அம்மாவிடமிருந்து பிரிக்க நினைக்கவில்லை. இப்போது இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்கிறோம், வாரம் மாற்றி வாரம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு அம்மா:

அடிக்குப் பயந்து ஓடுபவர்களுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும் என்று யாராவது கேட்பார்கள், அதனால் எழுதுகிறேன். அனுமதிக்குக் காத்திருக்கும் நிலையில் நான் இல்லை. போய்ச் சேர்ந்த மாநிலத்தில் மறுநாளே கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாப்பு ஆர்டர் வாங்கினேன். குழந்தைக்கோ பெற்றோருக்கோ கொடுமை நடந்திருந்தால், அந்தக் கோர்ட் தற்காலிகமாக அவசர உத்தரவு போடலாம். பழைய மாநிலத்தில் வழக்கு இருந்தால் அந்த ஜட்ஜோடு புது மாநில ஜட்ஜ் பேசுவார். அதற்குள் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. விலாசம் வெளியே தெரிந்தால் ஆபத்து என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் விலாசத்தை ரகசியமாக வைப்பார்கள், கேட்டு வாங்குங்கள். போலீஸ் ரிப்போர்ட், டாக்டர் சீட்டு, போட்டோ எல்லாவற்றையும் அடிப்பவர் கைக்கு எட்டாத ஒரு ஈமெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.