மலாவி 2006: மழையா, உரமா?

கரிசல்காட்டான்: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "2005இல் ஆப்பிரிக்க நாடான மலாவி உர மானியம் கொடுத்தது, மறுவருஷமே பஞ்சம் தீர்ந்தது, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி முழுசாகப் பார்க்கும் சிஸ்டம்ஸ் திங்கிங் எல்லாம் வெட்டிப்பேச்சு" என்கிறார். அந்த மறுவருஷம் மழை நன்றாகப் பெய்ததே, அதை ஏன் விட்டீர்கள்?

மாறன்79: நான்தான் எழுதினேன். பெயரைச் சொல்லியே கேட்கலாம். அரசுக் கணக்குப்படி 2005இல் மக்காச்சோளம் 12 லட்சம் டன், 2006இல் 25 லட்சத்துக்கு மேல். மழை மட்டும் இதைச் செய்யுமா? உலக வங்கி பல வருஷம் மானியமே கூடாது என்றது. அப்போதைய அதிபர் பிங்கு வா முத்தாரிகா துணிந்து கொடுத்தார். அந்த மனிதரின் பெயரை மழையில் கரைக்காதீர்கள்.

கரிசல்காட்டான்: 2005 வறட்சி வருஷம். அதோடு ஒப்பிட்டால் எந்த வருஷமும் இரட்டிப்பாகத்தான் தெரியும். மழைக்குப் பதில் சொல்லுங்கள்.

லிலாங்வேக்காரன்: நான் நாலு வருஷம் மலாவியில் வேலை பார்த்தவன். ஜனவரி, பிப்ரவரியில் வீட்டுக் குதிர் காலி. என்சிமா என்ற மக்காச்சோளக் களிக்கு மாவு இருக்காது. குடும்பத்தலைவன் விடிகாலையில் மண்வெட்டியோடு அடுத்தவன் நிலத்துக்குக் கூலிக்குப் போவான். அதற்கு அங்கே 'கான்யு' என்று பெயர். சரியாக அதே வாரங்களில்தான் அவன் சொந்த நிலத்தில் களை எடுக்க வேண்டும். எடுக்க ஆளில்லை. விளைச்சல் குறையும். அடுத்த ஜனவரியிலும் குதிர் காலி. இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்று பாருங்கள். மழையா உரமா என்று மல்லுக்கட்டுகிறீர்கள்!

மாறன்79: உர மூட்டைதான் அந்தச் சுழலை அறுத்தது. நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள், நன்றி.

கரிசல்காட்டான்: மழை?

தேன்மொழி: லிலாங்வேக்காரரே, எதற்கெடுத்தாலும் "நான் அங்கே இருந்தவன்". கைப்பேசியில் பணம் அனுப்பும் எம்-பெசா சேவை பற்றிய விவாதத்திலும் இதையே சொல்லித்தான் கிராமத்தில் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்று சாதித்தீர்கள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

லிலாங்வேக்காரன்: அது கென்யா, இது மலாவி. பழைய கணக்கை இங்கே தீர்க்காதீர்கள். மாறன், மூட்டை எங்கிருந்து வந்தது? மலாவிக்குக் கடல் இல்லை. மொசாம்பிக்கின் பெய்ரா, நகாலா துறைமுகங்களில் இறங்கி லாரியில் வர வேண்டும். டாலர் வேண்டும். டாலருக்குப் புகையிலை விற்க வேண்டும். புகையிலை விலை சரிந்தது, நன்கொடை நாடுகள் கையை இழுத்துக்கொண்டன, 2011இல் பெட்ரோல் பங்குகளில் விடிய விடிய வரிசை, ஜூலையில் ஜனங்கள் தெருவில். 2012 மே மாதம் டாலரின் விலை மலாவிப் பணத்தில் 168 குவாச்சாவிலிருந்து 250 ஆனது. உரத்தின் விலை என்ன ஆகியிருக்கும்? ஒரு மூட்டைக்குப் பின்னால் இவ்வளவும் தொங்குகிறது. இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

மாறன்79: 2011ஐப் பற்றி யார் பேசினார்கள்? நான் சொன்னது 2006.

கரிசல்காட்டான்: 2006இல் மழை.

தேன்மொழி: கான்யுவை அவசரத்துக்குக் கைகொடுக்கும் வழி என்றும் பார்க்கலாமே? கூலி இல்லாவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கே அடுப்பு எரியாது. நாலு வருஷம் இருந்தவருக்கு இது தெரியவில்லையா?

லிலாங்வேக்காரன்: தெரியாமலா எழுதினேன்? அவனைக் குறை சொன்னேனா? திரும்பப் படியுங்கள். இன்னும் ஒன்று. 2007இல் அமோக விளைச்சல் என்று அறிவித்தார்கள், ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதி செய்தார்கள். 2008 தொடக்கத்தில் உள்ளூர்ச் சந்தையில் மக்காச்சோள விலை எகிறியது. அறிவித்த தானியம் எங்கே போனது? மாறன் நம்பும் அரசுக் கணக்கின் லட்சணம் இதுதான்.

மாறன்79: கணக்கு பொய் என்றால் மழைக் கணக்கும் பொய்தான்.

கரிசல்காட்டான்: மழையை வானம் பார்த்தவன் எல்லாம் சொல்வான். அதற்கு அரசு தேவையில்லை.

தேன்மொழி: எம்-பெசாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.