1965 எம்ஜிபி: எஸ்யூ காபரேட்டருக்கு புஷ் அடிக்கத் தெரிந்தவர் வேண்டும்

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். மாமா வைத்திருந்த 1965ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டரை (மேல்மூடி திறக்கும் பிரிட்டிஷ் கார்) மறுபடி ஓடவைக்க முயல்கிறேன். 1798 சிசி எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சமம். பிரச்சினை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரண்டு எஸ்யூ எச்எஸ்4 காபரேட்டர்களில்தான். ஐட்லிங் ஒரு நிலையில் நிற்பதில்லை. காற்றுத் தட்டைத் திருப்பும் தண்டான திரொட்டில் ஸ்பின்டில் கையால் தொட்டாலே ஆடுகிறது. எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் கொஞ்சம் ஒயில் விட்டால் சத்தம் மாறுகிறது, அதாவது காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட்டை எவ்வளவு திருகினாலும் இது தீராது.

ஸ்பின்டில் போகும் துளையைப் பெரிதாக்கி, புஷ் (ஸ்பின்டிலைத் தாங்கும் சிறு உலோகக் குழல்) அடித்து, புது ஸ்பின்டில் போட வேண்டும். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் ஸ்பின்டில் இறுகிவிடும். அதனால் கை சுத்தமான லேத்காரர் தேவை. பஞ்சிகாவத்தையில் விசாரித்த உதிரிப்பாகக் கடைகளில் வேறு காரின் காபரேட்டரை மாட்டச் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அந்த இரண்டு காபரேட்டரும் இழுக்கும் சத்தம்தான் இந்தக் காரின் உயிர்.

அப்புறம், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் (sill) இரண்டும் கடல் காற்றில் அரித்துவிட்டன. எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது, பாரத்தில் பெரும்பங்கைச் சில்தான் தாங்குகிறது. வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வெல்ட் செய்தீர்களா, அடியில் எங்கெங்கே முட்டுக் கொடுத்தீர்கள்? செய்து பார்த்த அண்ணாமார், தம்பிமார் யாராவது சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. கொழும்புக்குள் நல்ல லேத் பட்டறை தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமையானாலும் காபரேட்டரைக் கழற்றி எடுத்து வருகிறேன்.